பட்டியில் பொறுக்கிய விதை

"யோசனை என்னுதுதாங்கய்யா" என்று மேஸ்திரி தீர்த்தகிரி வனத்துறை ரேஞ்சரிடம் கூசாமல் சொன்னார்.

பின்னால் நின்ற கூலியாள் செந்தாமரை வெடுக்கென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். நேற்று சாயங்காலம் அவள் சொன்னது! ஒரு வார்த்தை மாறாமல் ஒப்பிக்கிறாரே மனுஷன்!

ஏரிக்குள் கருவேல மரம் வளர்க்கும் திட்டம் புதிதாக வந்த வருஷம் அது. ஜவ்வாது மலை அடிவாரத்து நாற்றுப் பண்ணையில் போட்ட விதை பாதிக்கு மேல் முளைக்கவில்லை. "யோசனை இருந்தா சொல்லுங்க" என்று ரேஞ்சர் தினமும் கேட்பார். எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். முன்பு வாயைத் திறந்த கூலியாள் கண்ணாயிரம் சொன்னது பலிக்காமல் போக, ரேஞ்சர் அவனை வேலையை விட்டே அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து ஐயா கேட்டால் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான். யாரும் போடாத சட்டம், ஆனால் எல்லோருக்கும் மனப்பாடம்.

செந்தாமரையின் கூலியில்தான் அவள் வீட்டில் அடுப்பெரிந்தது. அதனால்தான் நேற்று மேஸ்திரியைத் தனியாகப் பிடித்துச் சொன்னாள்.

"அண்ணா, ஆடு கருவேலங்காயத் தின்னுட்டு அசபோட்டுத் துப்புற கொட்ட, எங்க மலையில பட்டியிலயே மொளச்சிக்கினு கெடக்கும். அத்தப் பொறுக்கியாந்து போட்டா இன்னா?"

தீர்த்தகிரி சுற்றுமுற்றும் பார்த்தார். "வேற யாராண்டயாச்சும் சொன்னியா?"

"இல்லீங்க."

"சொல்லாத."

எதற்கு என்று இப்போது, ரேஞ்சர் முன்னால், அவளுக்கு விளங்கிவிட்டது. பாராட்டில் பங்கு போய்விடக் கூடாதாம்!

ஆனால் ரேஞ்சர் பாராட்டவில்லை. அவர் முகம் சிவந்தது. "ஆட்டுப் பட்டியில விதை பொறுக்குறதா? மரக்கன்னைக் கடிக்கிற ஆட்டை விரட்டத்தான்யா நமக்குச் சம்பளம்!"

"ஒரு பாத்தி போட்டுப் பாக்கலாங்கய்யா."

"போடு. முளைக்கலேன்னா நீ வீட்டுக்குப் போயிடணும்."

"சரிங்கய்யா."

மலையில் பட்டி பட்டியாக ஏறி விதை பொறுக்கியவளும் செந்தாமரைதான், மண் நிரப்பிய நாற்றுப் பையில் ஊன்றியவளும் அவள்தான். தீர்த்தகிரி பேச வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உடன் வேலை செய்த முத்தம்மாள் தூபம் போட்டாள். "உன் புத்தியில அந்தாளு பேர் வாங்கப் போறாரு. நீ இன்னாத்துக்குடி தண்ணி ஊத்திக்கினு கீற?"

"செடி இன்னாடி பண்ணுச்சு, பாவம்!"

விதை முளைத்தது. பைக்குப் பை பச்சை. ரேஞ்சர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், நம்பாமல் மறுபடி குனிந்தார்.

"பலே, தீர்த்தகிரி! பெரிய ஆபீசர் நாளைக்கு வர்றாரு. உன் பேரைத்தான் சொல்லப் போறேன்."

"என் பேரு வேணாங்கய்யா. யோசனை இந்தச் செந்தாமரையோடதுங்க."

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த செந்தாமரை திரும்பி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

ரேஞ்சர் முறைத்தார். "அன்னைக்கு உன்னுதுன்னு சொன்னியே?"

தீர்த்தகிரி தலையைச் சொறிந்தார்.

"அன்னிக்கு மொளைக்குமா மொளைக்காதான்னு தெரியாதுங்களே. மொளைக்காம போயிருந்தா, வூட்டுக்குப் போறது நானா இருக்கட்டும்னுதாங்க!"