அசேலி வைத்த சூப்

ஹெய்ட்டியில் ஒரு கரும்புத் தோட்டம். அங்கே எஜமான் வீட்டுச் சமையலறையில் ஒரு செப்புப் பானையும் ஓர் அகப்பையும் இருந்தன. ஞாயிறுதோறும் அடிமைப் பெண் அசேலி பூசணிக்காய் சூப் வைப்பாள். எஜமான் வீட்டார் மட்டுமே அதைக் குடிக்கலாம். அவள் நாக்கில் ஒரு சொட்டு பட்டாலும் சவுக்கடிதான். வாசனை பிடித்தே பக்குவம் பார்ப்பாள்.

அடிமைகள் நடத்திய பல வருடப் போருக்குப் பிறகு எஜமானர்கள் கப்பலேறிப் போனார்கள். ஜனவரி முதல் நாள் நாடு விடுதலை பெற்றது. அன்றும் அசேலி அதே சூப்பை வைத்தாள்.

"யாருக்கடி இது? மேசையில் ஒருத்தரையும் காணோமே!" என்றது பானை.

"எனக்கென்ன தெரியும்? பீங்கான் தட்டைத் தவிர நான் எங்கே போயிருக்கேன்?" என்றது அகப்பை.

அசேலி அகப்பையில் சூப்பை மொண்டாள். ஒருமுறை கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் வாய்க்கே கொண்டுபோனாள்.

"அம்மாடி! நம்ம அசேலி குடிக்கிறாள்!" என்று கிசுகிசுத்தது பானை.

அவள் கண்ணை மூடிச் சுவைத்தாள்.

"அடக் கடவுளே, இத்தனை வருஷமா உப்பு பத்தவே இல்லையே!" என்று சொல்லி, பானையே அதிரும்படி சிரித்தாள்.