கப்பல் பயம்

கப்பல் சங்கு ஊதியதும் இந்திராணியின் கழுத்து பூட்டிக்கொண்டது. தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டன.

அவள் கணவர் பாலசுப்பிரமணியம் அந்தக் கப்பலில்தான் வந்து இறங்கினார். வீட்டுக்குப் போய், அவளை அழைத்துக்கொண்டு நேராக ஹட் பே ஆஸ்பத்திரிக்கு வந்தார். பிடரியைத் தாங்கிப் பிடித்தபடியேதான் அழைத்து வந்தார். இப்படியொரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று பக்கத்து வீட்டு அன்னம்மாள் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு கூடவே வந்தாள்.

"எலும்பு, நரம்பு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எப்பலேருந்தும்மா இப்படி?" என்று இந்திராணியைக் கேட்டார் டாக்டர் மங்கையர்க்கரசி.

"மெயின்லேண்டுலேருந்து வந்தப்ப நடுக்கடல்ல புயல் டாக்டரம்மா. அப்ப புடிச்ச பயம்," என்றார் பாலசுப்பிரமணியம்.

காட்டை வெட்டிப் புதிதாகக் குடியேறிய தீவு அது. எல்லோரும் கப்பலில் வந்தவர்கள். தலைவலியிலிருந்து பிள்ளைக்குப் படிப்பு ஏறாதது வரை பழி கப்பல்மேல்தான் விழும். டாக்டரும் தலையாட்டினார்.

"இவ அம்மா தூத்துக்குடியில படுத்த படுக்கையா கெடக்காங்க. பொண்ணைப் பாக்கணும்னு ஒரே அழுகை. இவ கப்பல் ஏறினாத்தானே கூட்டிட்டுப் போக முடியும்?" பாலசுப்பிரமணியத்துக்குக் குரல் தழுதழுத்தது. போர்ட் பிளேரில் மரக் கான்ட்ராக்டரிடம் மேஸ்திரி வேலை. வந்த கப்பலிலேயே சாயந்தரம் திரும்பியாக வேண்டும். மனைவியை டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

டாக்டர் மருந்து எதையும் எடுக்கவில்லை. இந்திராணியைச் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கச் சொன்னார்.

"பாதம் ரெண்டும் தரையில இருக்கா? மூச்சை மெதுவா வெளிய விடுங்க. உடம்பு நடுங்கினா நடுங்கட்டும், அடக்காதீங்க."

இந்திராணி நடுங்கினாள். பல் தந்தியடித்தது. அன்னம்மாள் போர்வை தேடினாள்.

"இப்ப கை என்ன செய்யணும்னு நினைக்குது?"

"தள்ளணும்போல இருக்கு."

"எதை?"

"தெரியல டாக்டரம்மா."

"தெரியாட்டிப் பரவாயில்ல, தள்ளுங்க." தலையணை ஒன்றைப் பிடித்துக்கொண்டு டாக்டர் எதிரே நின்றார். இந்திராணி தள்ளிய வேகத்தில் சுவரில் போய் மோதினார்.

"அலையைத் தள்ளுறா," என்று அன்னம்மாள் விளக்கம் சொன்னாள்.

அப்போது கப்பல் கிளம்பும் சங்கு ஊதியது. இந்திராணி ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒரு டீ கிடைக்குமா என்று கேட்டாள். டாக்டர் கீழே விழுந்த மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

அடுத்த கப்பல் வரும்வரை தினமும் அதே வைத்தியம்தான். ஆஸ்பத்திரித் தலையணைகள் கிழிந்தன.

கப்பல் வந்தது. சங்கு ஊதியதும் இந்திராணியின் தோள் மேலே ஏறியது. பாதத்தை ஊன்றி மூச்சை விட்டாள். தோள் தானாக இறங்கியது. அன்னம்மாள் ஏசுவுக்கு ஸ்தோத்திரம் சொன்னாள்.

பாலசுப்பிரமணியத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டிக்கெட் எடுத்து மனைவியிடம் ஒன்றைக் கொடுத்தார். "போர்ட் பிளேர் கராச்சர்மாவுல வீடு பாத்துட்டேன். இனிமே எப்பவும் என் கூடவே இருக்கலாம்."

"அம்மா?"

"அதுக்கென்ன அவசரம்? பாப்போம்."

கப்பல் கரைக்கு வராது; டிங்கி என்ற சின்னப் படகில் போய்த்தான் ஏற வேண்டும். அன்றைக்கு அதுதான் கடைசி டிங்கி. பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, முழங்கால் தண்ணீரில் நின்றபடி பாலசுப்பிரமணியம் வழக்கம்போல மனைவியின் பிடரியில் கை வைத்தார். கட்டைவிரல் காதுக்குக் கீழே அழுந்தியது.

"ஏறுடி."

இந்திராணியின் பாதம் இரண்டும் மணலில் ஊன்றின. கைகள் எழுந்தன.

பாலசுப்பிரமணியம் மல்லாந்து விழுந்தார். அலை ஒன்று வந்து அவரைக் கரைப்பக்கம் உருட்டிவிட்டது. இந்திராணி டிங்கியில் ஏறி உட்கார்ந்து, "சலோ பாய், போகலாம்," என்றாள் படகோட்டியிடம்.

"அடியே, எங்கடி போற?" கரையிலிருந்து கத்தினாள் அன்னம்மாள்.

"அம்மாவைப் பாக்க!"

"தனியாவா? கப்பல்னா உனக்குப் பயமாச்சே!"

இந்திராணி கழுத்தை நன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

"கப்பலுக்கு யாரு பயந்தா அக்கா?"