கறுப்புத்தாள் ஒட்டிய கண்ணாடி

ஆவுடையப்பர் என்றோ தலைமுழுகிய மகள் புனேயில் செத்துப்போனாள். மராத்தி மட்டுமே தெரிந்த பேத்தியை, ஊருக்கு அப்பாலிருந்த விடுதியில் சேர்க்க அவரே காரில் கூட்டிவந்தார். கண்ணாடியை மூடினாலே பிள்ளைக்குக் குமட்டும். இரண்டு நாளாகத் தோள் துண்டில் வாந்தியை ஏந்தியவரும் அவர்தான்.

சொந்த ஊர் வந்தது.

“பாலத்துல வேலை நடக்கு ஐயா. நம்ம தெரு வழியாத்தான் போகணும்,” என்றான் டிரைவர் சுடலை. “பிள்ளை அப்படியே அவ அம்மா ஜாடைல்லா. ஊரே கண்டுபிடிச்சிரும்.”

“ரோட்டைப் பார்த்து ஓட்டுல.”

அவர் பிள்ளையின் பக்கத்தில் திறந்திருந்த கண்ணாடியைப் பார்த்தார். அதை ஏற்றக் கையை எடுத்தவர், தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைச் செருமினார்.

காற்று தாத்தாவுக்கு ஆகவில்லை போலும் என்று நினைத்த பிள்ளை, கறுப்புத்தாள் ஒட்டிய கண்ணாடியைத் தானே மேலே ஏற்றினாள். பிறகு வாயை இறுகப் பொத்திக்கொண்டு, பரவாயில்லை என்பதுபோல் அவரைப் பார்த்துத் தலையாட்டினாள்.

கார் தெருவுக்குள் திரும்பியது.