வேதக்கார வீடு

"வீட்டுல பேருக்கு ஒரு சிலுவை இல்ல. பொண்ணு நெத்தியில சாந்துப் பொட்டு வேற. இதுங்கெல்லாம் வேதக்காரங்களாம்."

பாயில் உட்கார்ந்தபடி மகன் அருளப்பனின் காதில் முணுமுணுத்தாள் லூர்தம்மாள். அவள் கழுத்தில் தொங்கிய வெள்ளிச் சிலுவை குழம்புக் கரண்டி அளவுக்கு இருந்தது.

கல்யாணம் வைக்கக் கூடாத தவக்காலம் தொடங்குவதற்குள் மகனுக்குக் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். உத்தனப்பள்ளி சவரியப்பனுக்கு ஒரு மகள் இருப்பதாகத் தரகர் சொல்லியிருந்தார். முறையாகப் பெண் கேட்பதற்கு முன், வழிப்போக்கர் போல நுழைந்து பெண்ணை ஒரு பார்வை பார்த்துவிடுவது அவர்கள் வழக்கம். பெயர் சொல்லிக் கேட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் வேதக்காரர் வீடு எது என்று மட்டும் விசாரித்தாள். கிறிஸ்தவர்களை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். வயலிலிருந்து வந்துகொண்டிருந்த கோவிந்தப்பன் இங்கே கொண்டுவந்து விட்டு, வாசலில் நின்று பீடி புகைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரி சாந்தம்மாதான் எதிரே வந்தாள். வந்தவர்கள் யார் எவர் என்று அவள் கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தாள், பாய் விரித்தாள், களி கிண்டப் போய்விட்டாள். லூர்தம்மாள் சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொன்னதற்கு, பதிலுக்கு வெறும் "வாங்க" என்றாள். அதுவே முதல் குற்றம்.

தாழ்வாரத்தில் மகள் ராஜாத்தி ஒரு கிழவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். சந்தையில் காய்ச்சலோடு விழுந்து கிடந்த கன்னட வண்டிக்காரராம். அவர் கக்கியதைத் துடைத்துவிட்டு, கன்னடத்தில் ஏதோ சமாதானம் சொல்லி மறுபடி ஊட்டினாள். அருளப்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

லூர்தம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கிழவர் என்ன சாதி என்று கேட்டாள்.

"இன்னும் பேச்சு வரலீங்கம்மா. வந்தப்புறம் நீங்களே கேளுங்க" என்றாள் ராஜாத்தி.

அருளப்பன் சிரித்துவிட்டான். அம்மா முறைத்தாள்.

"பஸ்ஸை விட்டு இறங்கினதும் முனை வீட்டைப் பாத்தல்ல? வாசல்லயே ஆளுயரத்துக்கு இரும்புச் சிலுவை. குடும்பம்னா அது. தரகர் அந்த வீட்டுப் பொண்ணைச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"தண்ணி கேட்டதுக்கு, அந்தச் சிலுவையில கட்டியிருந்த நாயை அவுத்து விட்டாங்களேம்மா."

"வேட்டியைத்தானே கடிச்சுது."

கடைசிச் சோதனையாக, மங்கள வார்த்தை செபம் சொல்லும்படி ராஜாத்தியிடம் கேட்டாள் லூர்தம்மாள். அதெல்லாம் தெரியாது, களி ஆறுகிறது, முதலில் சாப்பிடுங்கள் என்றாள் அந்தப் பெண்.

லூர்தம்மாள் விருட்டென்று எழுந்தாள். "சவரியப்பன்கிட்ட சொல்லிடுங்க. செபம் தெரியாத பொண்ணு எம் மவனுக்கு வேணாம்."

"எனக்கு வேணும்மா" என்றான் அருளப்பன்.

சாந்தம்மா களிச்சட்டியும் கையுமாக விழித்தாள். "சவரியப்பன் வீடு முனையில இருக்குதுங்களே, நாய் இருக்கற வீடு. நாங்க மாரியாத்தாளைக் கும்பிடறவங்க."

லூர்தம்மாள் வாசலுக்குப் பாய்ந்தாள். வேதக்கார வீட்டைக் கேட்டால் எந்த வீட்டில் கொண்டுவந்து தள்ளியிருக்கிறாய் என்று கோவிந்தப்பனைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "மிஷன் ஆஸ்பத்திரியில எம் புண்ணைக் கழுவிக் கட்டினாங்க ஒரு அம்மா. அவங்களை வேதக்காரங்கன்னு சொன்னாங்க. எங்க ஊர்ல அப்படி இருக்கறது இந்த வீடு ஒண்ணுதானுங்களே."

பிறகு முனை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்து, நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

"அவங்களும் வேதக்காரங்களா? அந்த இரும்பு, நாய் கட்டறதுக்குன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்."