பனிமூட்டத்தில் நான்கு கோபுரங்கள்

ஹெலிகாப்டர் கண்ணாடிக்கு வெளியே பாலை ஊற்றியது போல் மூடுபனி.

“இடது பக்கம் மின்கோபுரம். ஒதுங்குக்கா” என்றான் தம்பி, தரையிலிருந்து வயர்லெஸ்ஸில்.

ரேடார் திரையிலும் அதே இடத்தில் சிவப்புப் புள்ளி. ஓட்டிக்கொண்டிருந்த அக்கா ஒதுங்கினாள். அவன் செய்த ரேடாரை நம்பியே நான்கு கோபுரங்களைக் கடந்து, பூப்போல இறங்கினாள்.

சோதனையைப் பார்க்க வந்திருந்த மருத்துவமனைக்காரர்கள் கைதட்டினார்கள். ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர்களுக்கு இனி இதே கருவிதான் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

“என் தம்பியாக்கும்” என்று அவன் தலையைக் கலைத்துவிட்டாள்.

மெக்கானிக் ஓர் அட்டைப்பெட்டியுடன் வந்தார். “மேடம், ரேடாரோட ஆண்டெனா இப்பதான் வந்துச்சு. மாட்டிடட்டுமா?”

“அப்போ இவ்வளவு நேரம்?”

“பழசு எரிஞ்சு ஒரு வாரமாச்சே. ஹெலிகாப்டர் மூக்குக்குள்ள ஒண்ணுமே இல்லை.”

அவள் தம்பியிடம் திரும்பினாள். “நான் திரையில பார்த்தது?”

“மேப்புக்கா. நாலு கோபுரமும் எங்க இருக்குன்னு முன்னாடியே ஏத்தி வச்சிருந்தேன்.”

“அஞ்சாவதா ஒரு கிரேன் நின்னிருந்தா? இந்த விஷப்பரீட்சைக்குக் கூடப்பிறந்தவதான் கிடைச்சாளா? வேற பைலட்டே இல்லையா?”

அவன் தலைகுனிந்தான்.

“வேற யாரா இருந்தாலும், ஏறுறதுக்கு முன்னாடி மூக்கைத் திறந்து பார்த்திருப்பாங்கக்கா.”