தண்ணி குடிக்காத டவல்

"பெத்த அப்பாவைக் கார் துடைக்கற வேலைக்கா வெச்சிருக்கே?"

அக்கா ஜன்னலில் நின்றபடியே கத்தினாள். ஊரிலிருந்து வந்து இறங்கி முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை.

கீழே தம்பி ஹோஸ் பைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அப்பா கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கந்தல் துணியால் ஈரக் காரின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு இழுப்புக்கு ஒரு தரம் பிழிய வேண்டியிருந்தது. இன்னொரு கை இடுப்பைப் பிடித்திருந்தது.

"எனக்கு இது நல்ல எக்சர்சைஸ்மா" என்றார் அப்பா.

"நீங்க சும்மா இருங்கப்பா!"

அந்த வீட்டில் இப்போது அப்பாவும் தம்பியும்தான். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். தம்பியின் மனைவியும் போன வருஷம் பிரிந்து போய்விட்டாள். கேட்க ஆளில்லை என்றதும் தம்பிக்குத் துளிர்விட்டுப் போயிற்று என்று அக்கா முடிவே கட்டிவிட்டாள்.

"துணி கிழிஞ்சு தொங்குது. புதுசாவது வாங்கக் கூடாதா?"

"சாயங்காலம் வாங்கிடறேன்க்கா."

"நானும் வரேன்." அவனை நம்ப அவள் தயாராக இல்லை.

கார் சாமான் கடைக்காரர் அக்காவைப் பார்த்ததும் உற்சாகமானார். மேஜைக் கண்ணாடிமேல் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொட்டினார். கம்பளி கனத்தில் ஒரு பெரிய மைக்ரோஃபைபர் டவலை அதன்மேல் விரித்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். கண்ணாடி பளிச்சென்று காய்ந்து கிடந்தது.

"தேய்க்கவே வேண்டாம் மேடம். விரிச்சுப் போட்டு இழுத்தா போதும். காபி ஆறுறதுக்குள்ள முழு வண்டியும் முடிஞ்சிடும்."

தம்பி அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மூலையில் தொங்கிய சின்னத் துணியைக் காட்டினான்.

"அது எப்படி?"

"அது வண்டிக்குள்ள தூசி துடைக்கறது சார். தண்ணியே குடிக்காது. பிழிஞ்சு பிழிஞ்சு உயிர் போயிடும்."

"பெயின்ட்ல கீறல் விழுமா?"

"கீறல் விழாது. ஆனா..."

"அப்போ அதையே குடுங்க."

அக்காவுக்கு முகம் ஜிவ்வென்று சிவந்தது. காரில் கீறல் விழக்கூடாதாம், அப்பா இடுப்பு ஒடிந்தால் பரவாயில்லையாம்!

"பெரிசை எனக்குப் பில் போடுங்க" என்றாள் கடைக்காரரிடம். தம்பி பக்கம் திரும்பினாள். "ஞாயித்துக்கிழமை நான் ஊருக்குக் கிளம்பறப்போ அப்பாவையும் கூட்டிட்டுப் போயிடறேன். அதுக்கப்புறம் உன் காரை நீயே துடைச்சுக்கோ."

கடைக்காரர் வெகு கவனமாகப் பில் எழுத ஆரம்பித்தார்.

காரில் ஏறி உட்கார்ந்தும் தம்பி வண்டியைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அக்கா, அந்த டவலை மட்டும் அப்பா கண்ணுல காட்டிடாதே."

"ஏன், மனுஷன் சுகமா இருந்துடுவாரோ?"

"முதல்ல நானும் அதே டவலைத்தான் வாங்கினேன்."

அக்கா அவனை முறைத்தாள்.

"காலம் பூரா டிரைவரா இருந்தவரு. கண்ணு சரியில்லை, இனிமே ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதும் அவர் கையிலேருந்து சாவியை வாங்கினவன் நான்தான். இப்போ இந்த வண்டியைத் துடைக்கறது ஒண்ணுதான் அவருக்குன்னு மிச்சமிருக்கற வேலை. அந்த டவலால சட்டுனு துடைச்சு முடிச்சிட்டு, 'அடுத்து என்னப்பா செய்யணும்?'னு என் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னாரு. அதனாலதான்க்கா, டவல் தொலைஞ்சு போச்சுன்னு பொய் சொல்லி இந்தக் குட்டித் துணியை வாங்கிக் குடுத்தேன்."

அக்கா டவலை மடித்துத் தன் பையின் அடியில் திணித்தாள்.

"முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கு என்னடா?" என்று மூக்கை உறிஞ்சினாள். தம்பியைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை அதே ஜன்னலில் நின்று பார்த்தாள். இந்த முறை கத்தவில்லை. அப்பா துடைத்தார். தம்பி துணியை வாங்கிப் பிழிந்து கொடுத்தான். பிழிந்துகொண்டே ஆபீஸில் நடந்த ஏதோ ஒரு கூத்தைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். அப்பா காரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். ஈரம் அது பாட்டுக்கு இருந்தது.

தம்பி ஆபீசுக்குப் போன பிறகு அப்பா மெதுவாக உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா வலிக்குத் தடவும் மருந்தை எடுத்து வந்தாள்.

"ரொம்ப வலிச்சா என்கூட வந்து கொஞ்ச நாள் இருங்களேன்ப்பா" என்றாள், மனசே இல்லாமல்.

"அதெல்லாம் வேண்டாம்மா." அப்பா கொஞ்சம் தயங்கினார். "சார்ஜர் இருக்கான்னு உன் பையில தேடினேன். பெரிய டவல் ஒண்ணு இருந்துது."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது... அது எங்க வீட்டு வண்டிக்குப்பா!"

"யாருக்கு வேணா இருக்கட்டும். தம்பி கண்ணுல மட்டும் காட்டிடாதே."

"ஏன்ப்பா?"

அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வண்டி துடைக்க எனக்கொண்ணும் ஆசை இல்லைம்மா. இடுப்பு விட்டுப் போகுது. ஆனா மருமக போனதிலேருந்து அவன் வீட்டுக்குள்ள வாயே திறக்கறதில்லை. அந்த வண்டி காயற வரைக்கும்தான் என் பிள்ளை பேசறான்."