இன்னொருத்தர் பார்க்கணும்

"நிறம் மாறலை சார். இந்த லோடை விடாதீங்க."

யுவராணி தட்டில் பரப்பிய உப்பை சூப்பர்வைசர் ஜெயப்பிரகாஷ் முன்னால் வைத்தாள். உப்பளத்திலிருந்து வரும் உப்பில் அயோடின் கிடையாது. இந்த ஆலையில் மெஷின் தெளித்தால்தான் உண்டு. சேர்ந்திருந்தால் மருந்து ஒரு சொட்டு பட்டதும் உப்பு நீலமாகும். இது வெள்ளையாகவே கிடந்தது.

"சந்தியா பார்த்து ஓகே சொல்லிட்டாளே?"

"அவ மேல தப்பு இல்லைங்க. காலையிலேருந்து நீலமாவே பார்த்துட்டு இருந்தா, வெள்ளையும் நீலமாத்தான் தெரியும். பழகிப்போன கண்ணு அப்படித்தான். அதனாலதான் ஒருத்தர் பார்த்ததை இன்னொருத்தர் தனியா பார்க்கணும்னு உங்ககிட்ட கேட்டேன்."

"வெளிய லாரிக்காரன் கத்துறான். ஒரு லோடுல என்னம்மா ஆயிடப் போவுது?"

"தெரியலைங்க. பயிற்சி கொடுக்க வந்த மேடம் சொன்னாங்க இல்ல, இந்த மாதிரி உப்பையே சாப்பிட்டுட்டு இருந்தா சில பொம்பளைங்களுக்குத் தைராய்டு கெட்டுப் போவும்னு."

"எந்த ஊர்லயோ எவளோ சாப்பிடப் போறா. அவளுக்காக நீ ஏன் இவ்ளோ மல்லுக்கு நிக்கிற?"

அவள் தட்டை எடுக்கவில்லை. ஜெயப்பிரகாஷ் முணுமுணுத்துக்கொண்டே போய் லோடைத் திருப்பி இறக்கச் சொன்னார். அவளைக் கடந்து போன சந்தியா தலை குனிந்துகொண்டாள். யுவராணி அவள் கையைப் பிடித்து, "எனக்கும் ஒருநாள் தப்பும்டி. அன்னிக்கு நீ பார்த்துச் சொல்லு" என்றாள்.

பிறகு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தாள். அவள் கணவன் பிரபு பைக்கோடு காத்திருந்தான். மரக்காணம் உப்பளத்தில் வேலையை முடித்துவிட்டு நேராக வந்திருந்தான்; காலில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

இருவரும் பாண்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். போன மாதம் கலைந்தது மூன்றாவது கரு. ஒவ்வொரு முறையும் ஊர் அவளைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தது. பிரபு மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. முதல் தடவை தொட்டில் வாங்கிவிட்டான்; அதை யாருக்கும் தெரியாமல் பரண்மேல் ஏற்றி வைத்ததும் அவன்தான்.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை முடிவை இரண்டு முறை பார்த்தார்.

"தைராய்டுல கோளாறு இருக்குது. குழந்தை தங்காததுக்கு இதுவும் காரணமா இருக்கலாம். இத்தனை நாளா யாரும் பார்க்கச் சொல்லலையாம்மா?"

யுவராணி இல்லையென்று தலையாட்டினாள்.

"சரி, மாத்திரை தர்றேன். வீட்டுல என்ன உப்பு வாங்குறீங்க?"

யுவராணியின் விரல்கள் புடவைத் தலைப்பை இறுகப் பற்றின. அவள் வாய் திறப்பதற்குள் பிரபு முந்திக்கொண்டான். அன்றைக்கு முதல் தடவையாக அவன் முகத்தில் ஒரு சின்னப் பெருமை தெரிந்தது.

"மரக்காணத்துக்காரன் எவனாவது கடையில உப்பு வாங்குவானா டாக்டர்? கல்யாணமான நாள்லேருந்து, பாத்தியில நல்லா வெளுப்பா வர்றதா பார்த்து, இவளுக்குன்னு நானே அள்ளிட்டு வர்றேன்."